நெய்தலில் வாழ்த்து

சென்ற ஐப்பசியில், அடைமழையின் மூன்றாம் நாள், நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளைக்கு ஒரு ஆயா தோட்டை அடகு வைக்க வந்தாள். மரக்காணம் உப்பளத்தில் கூலி. அறுபதைத் தாண்டியவள். தோட்டின் எடைக்கு வந்த தொகை அவள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அதைச் சொல்லும் வேலை என்னுடையது. சொன்னேன். அவள் பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, "நல்லா இரு சாமி. பேயக் கூடாதுன்னு கும்புட்டேன். பேஞ்சிடுச்சி. ஊருக்கு நல்லதுதான், இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதில் வாழ்த்து எது, வசை எது, வெறும் பழக்க வார்த்தை எது என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. 'நல்லா இரு' என்ற இரண்டு சொற்களைத் தமிழில் நாசமாகப் போ என்ற பொருளிலும் சொல்ல முடியும் என்பதைப் பேருந்தில் போகிற எவனும் அறிவான். ஆனால் என்னை உறுத்தியது அது அல்ல. ஊர் முழுக்க வாழ்த்தாகச் சொல்கிற ஒன்றுக்கு எதிராக ஒருத்தி தனியாகக் கும்பிட்டிருக்கிறாள். தோற்றதும் ஊரின் வாழ்த்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். வாழ்த்து என்பது எல்லோருக்கும் பொதுவான நல்லெண்ணம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதற்கும் ஒரு நிலம் இருக்கிறது, நில உடைமை இருக்கிறது என்று தோன்றியது.

ஐங்குறுநூற்றின் முதல் பத்து, வேட்கைப் பத்து. ஓரம்போகியார் பாடியது, திணை மருதம். பரத்தையிடம் நெடுநாள் இருந்துவிட்டுத் திரும்பிய தலைவன், நான் இல்லாதபோது என்ன நினைத்திருந்தீர்கள் என்று கேட்க, தோழி பதில் சொல்வதாகத் துறை. பத்துப் பாட்டிலும் ஒரே அமைப்பு. தலைவி விரும்பியது இது, நாங்கள் விரும்பியது இது என்று இரண்டு பட்டியல். தலைவி தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அரசன் வாழ வேண்டும், நெல் பொலிய வேண்டும், பசுக்கள் பால் சுரக்க வேண்டும், பசியும் பிணியும் நீங்க வேண்டும், களவு இல்லாது போக வேண்டும், பத்தாம் பாட்டில் மழை தவறாது பெய்ய வேண்டும். தோழியர் விரும்பியதோ தலைவனையும் தலைவியையும் பற்றிய சொந்த விஷயம். பொதுவும் சொந்தமும் இப்படி அருகருகே நிறுத்தப்பட்டு, பொதுவின் பெருந்தன்மையே தலைவனைக் குத்துகிற ஊசியாகிவிடுகிறது. இது அசாதாரணமான கவிதைத் தந்திரம். உரைகாரர்கள் தலைவியின் கற்பை மெச்சுவதோடு நிறுத்திவிட்டார்கள்.

நான் கவனிக்க விரும்புவது வேறு. இந்தப் பட்டியல் வயற்காரனின் பட்டியல். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் வாழ்த்து என்று பெயர் பெற்ற எதை எடுத்தாலும் இதே பட்டியல்தான் கூடக்குறைய வருகிறது. மாதம் மும்மாரி இல்லாத வாழ்த்து உண்டா? அரசனை வாழ்த்தச் சொன்னபோது ஔவை வரப்பு உயரட்டும் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள் என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் இல்லை. வரப்பு உயர்ந்தால் நீர் உயரும், நீர் உயர்ந்தால் நெல். உப்பளத்திலும் வரப்பு உண்டு. ஆனால் அங்கே நீர் உயர்ந்தால் உப்பு கரையும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடல் நீரின் அடர்த்தி போமே கணக்கில் ஏறக்குறைய மூன்றரைப் பாகை. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைத்து இருபத்தைந்து பாகை அளவுக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு பூக்கும். அதற்கு முன் பாத்தியின் களிமண் தளத்தைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இல்லையென்றால் உப்போடு சேறு வரும். தை, மாசியில் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழை வரையில். கோடையில் பெய்யும் ஒரு மணி நேர மழை பல நாள் வெயிலைக் கரைத்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தபோது இந்த உப்பளங்கள் ஏரியாகக் கிடந்தன. எது வாய்க்காலின் கரை, எது பாத்தியின் வரப்பு என்று தெரியவில்லை. மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிற ஏற்பாடு சில ஆண்டுகளாக இருக்கிறது. மழை பெய்வதற்கு அரசாங்கம் நஷ்டஈடு தருகிற ஒரே ஜனம் இவர்கள்தானோ என்னவோ.

சங்கக் கவிதை இதை அறியாததல்ல. ஆற்றங்கரையில் நின்ற உப்பு வண்டி பெருமழையில் அழிந்துபோனது குறுந்தொகையில் ஓர் உவமையாக வருகிறது. தலைவன் தன் ஆசையின் நிலையைச் சொல்ல அதை எடுத்துக்கொள்கிறான். உமணனின் நஷ்டம் இன்னொருவனின் காதலுக்கு உபமானம். சிறுபாணாற்றுப்படையில் உமணரின் பிள்ளைகளோடு ஒரு மந்தி விளையாடுகிறது. அந்த நூல் பாடும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அப்படியானால் இந்த ஊர் இலக்கியத்தில் ஏறி ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது. அங்கும் வாழ்த்துப் பெறுவது நல்லியக்கோடன்தான். பாணனுக்குச் சோறு கிடைக்கிறது. 'மழை வேண்டாம்' என்று வாழ்த்தாகச் சொல்லும் உமணன் ஒருவனை நான் தேடிப் பார்த்தேன். என் வாசிப்புக்கு எட்டியவரை இல்லை.

இனி இலக்கணம். தமிழில் வாழ்த்துக்கென்றே ஒரு வினைவடிவம் உண்டு: வியங்கோள். வாழ்க, வெல்க, பொலிக. கெடுக, ஒழிக என்று சபிக்கவும் அதுவே. வேண்டலும் ஏவலும்கூட அதில் அடக்கம். தொல்காப்பியர் இதற்கு ஒரு விசித்திரமான எல்லை வைத்திருக்கிறார்: வியங்கோள் தன்மையோடும் முன்னிலையோடும் நிலைத்து நிற்காது. அதாவது அவன் வாழ்க, மழை பெய்க என்பதே அதன் இயல்பு. நீ வாழ்க என்பது அவ்வளவாக இயல்பல்ல. நன்னூலார் காலத்தில் இந்த எல்லை தளர்ந்துவிட்டது. எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் வரும் என்று அவர் எழுதிவிட்டார். இலக்கண ஆசிரியர்கள் இதை வழக்கு மாறிற்று என்று சொல்லித் தாண்டிப் போகலாம். எனக்கு தொல்காப்பியர் சொன்னதில் ஒரு மனோபாவம் தெரிகிறது. வாழ்த்து, எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்துச் சொல்வதல்ல. ஒருவரை நாலு பேர் நடுவில் வைத்து, மற்ற மூவரும் கேட்கும்படி சொல்வது. அது சபையின் குரல்.

ஐங்குறுநூற்றிலேயே நெய்தல் நூறைத் திருப்பினால் அங்கேயும் 'வாழி' இருக்கிறது. ஆனால் அது தாயையும் தோழியையும், 'கேளேன்' என்று கூப்பிடுகிற சொல்லாகத் தேய்ந்திருக்கிறது. குறிஞ்சியிலும் அப்படித்தான். அரசனும் நெல்லும் இல்லாத இடத்தில் 'வாழி' எதிரே இருக்கிறவளின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இதை ஒரு சித்தாந்தமாக்க நான் தயாரில்லை.

எனக்கு ரஷ்ய பாஷையும் சீன பாஷையும் தெரியாது. தெரிந்த அளவு என் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தது. அவர் உப்பளத்தில் கணக்கெழுதியவர். ஒரு பக்கம் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் விற்பனையில் வாங்கிய மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்கள். மறுபக்கம் பீகிங் வானொலி தமிழ்ப் பிரிவுக்கு எழுதிய கடிதங்களின் நகல்களும், அங்கிருந்து வந்த வாழ்த்து அட்டைகளும். அந்தத் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது 1963 ஆகஸ்ட் 1இல். எல்லைப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இரண்டு தேசங்களும் ஒன்றையொன்று தூற்றிக்கொண்டிருந்த காலத்தில் பெரியப்பா இரண்டிடமிருந்தும் புத்தாண்டு வாழ்த்துப் பெற்றார். கட்சியில் அவரை இரண்டு தரப்பாருமே நம்பவில்லை.

சென்னை கஸ்தூரி ரங்கன் சாலையிலுள்ள ரஷ்யக் கலாச்சார நிலையத்தில் பாஷை படித்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். ரஷ்யர்களின் 'ஸ்த்ராஸ்த்வுய்தே' என்ற முகமனுக்கு நேர்ப்பொருள் 'ஆரோக்கியமாக இருங்கள்' என்பது. ஏவல் வினை; முகத்துக்கு நேராகச் சொல்வது. நம் மொழிபெயர்ப்பில் அது 'வணக்கம்' ஆகிவிடுகிறது. எதிரே இருப்பவனின் உடம்பைப் பற்றிய கவலை நம் கையில் வந்ததும், நான் குனிகிறேன் என்கிற என்னைப் பற்றிய செய்தியாக மாறிவிடுகிறது. 'வணக்கம்' பொது முகமனாகப் பரவியதே இருபதாம் நூற்றாண்டில்தான். ரா. கிருஷ்ணையாவையோ பூ. சோமசுந்தரத்தையோ இதற்குக் குறை சொல்வதற்கில்லை. தமிழில் வேறு என்ன போடுவார்கள்? 'நல்லா இருங்க' என்று ஒரு செஞ்சேனைத் தளபதி சொன்னால் சிரிப்பு வரும்.

இன்னொன்று. ரஷ்யத்தில் 'விரும்புகிறேன்' என்ற வினை கொள்ளும் பெயர்ச்சொல், நம் ஆறாம் வேற்றுமைக்குப் பக்கத்தில் நிற்கிற ஓர் உருபை ஏற்கிறது. பேச்சில் வினை உதிர்ந்துவிடும், உருபு நிற்கும். 'நல்ல பயணம்', 'அமைதியான இரவு' என்று நாம் பெயர்க்கிற சொற்களில் அந்த உருபு ஒட்டிக்கொண்டிருப்பதால், சொல்லாமல் விட்ட 'நான் விரும்புகிறேன்' அங்கே இருந்துகொண்டே இருக்கிறது. தமிழில் 'வாழ்க' என்ற வினையை எடுத்துவிட்டு 'வாழ்த்துகள்' என்ற பெயரை வைத்தோம். யார் வாழ்த்துகிறார், யாரை, எதற்காக, ஒன்றும் மிச்சமில்லை. தீபாவளிக்கு எங்கள் வங்கியிலிருந்து போகிற குறுஞ்செய்தி அப்படிப்பட்டது. அதே நாளில் அதே எண்ணுக்குத் தவணை பாக்கி என்ற செய்தியும் போகும்.

சீனரின் வழி வேறு. அங்கே வினைக்கு இடமும் இல்லை, காலமும் இல்லை, உருபும் இல்லை. அதனாலோ என்னவோ, அவர்கள் வாழ்த்தை ஒலியிலும் பொருளிலும் வைத்தார்கள். பெரியப்பாவின் அட்டை ஒன்றில் மீன் படம். கடற்கரை ஊர்க்காரனுக்கு மீனை அனுப்பியிருக்கிறானே என்று அவர் சிரிப்பாராம். 'யூ' என்றால் மீன். 'யூ' என்றால் மிச்சம், உபரி. ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும் என்று அர்த்தம். பேறு என்று பொருள்படும் 'ஃபூ' எழுத்தைக் கதவில் தலைகீழாக ஒட்டுகிறார்கள்; தலைகீழ் என்ற சொல்லும் வந்துவிட்டது என்ற சொல்லும் ஒலியில் ஒன்று. அதே தர்க்கத்தால் கடிகாரத்தைப் பரிசளிக்கக் கூடாது; அந்தச் சொற்றொடர் ஒருவரின் அந்திமக் கடனைச் செய்வது என்றும் ஒலிக்கும். விருந்தாளி புறப்பட்டால் வீட்டுக்காரர் சொல்வது 'மன் ட்ஸௌ': மெதுவாகப் போங்கள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதே பழைய முகமன். இந்த இரண்டையும் கேட்டபோது எனக்கு பீகிங் மாஸ்கோவைவிட மரக்காணத்துக்கு அருகில் இருப்பதாகப் பட்டது. 'பாத்து மெதுவாப் போ', 'துன்னாச்சா' என்பதற்கு மேல் இங்கே யாரும் யாரையும் வாழ்த்துவதில்லை.

ஆனால் மூன்று பாஷையும் சபைக்கு வந்தால் ஒன்றாகிவிடுகின்றன. ரஷ்யரின் 'தா ஸ்த்ராஸ்த்வுயெத்' - 'தலோய்', சீனரின் 'வான் சுயி' - 'தா தாவ்', நம்முடைய 'வாழ்க' - 'ஒழிக'. 'வான் சுயி' என்றால் பதினாயிரம் ஆண்டு. சக்கரவர்த்திக்கு மட்டும் உரிமையாக இருந்தது பிறகு மாவோவுக்குச் சொல்லப்பட்டது. பல்லாண்டு பாடுகிற நமக்கு இது அந்நியமில்லை. பெரியாழ்வார் கடவுளுக்கே ஆயுள் வேண்டினார். சிறியவன் பெரியவனை வாழ்த்தலாமா என்று வைணவ வியாக்கியானக்காரர்கள் கேள்வி எழுப்பி, அன்பு மிகும்போது தன்னைக் காப்பவன் என்பது மறந்து அவனைக் காக்கத் தோன்றிவிடும் என்று சமாதானம் சொன்னார்கள். அந்தக் கேள்வி இன்றைக்குச் சுவரொட்டியில் இருக்கிறது: 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.' யார் யாரை வாழ்த்தலாம் என்ற கணக்கு ரஷ்யனிடம் இவ்வளவு இல்லை; கோப்பையைத் தூக்கியவன் எவனும் வாழ்த்துவான். சீனத்தில் புத்தாண்டன்று சின்னவன் பெரியவருக்கு வணங்கிச் சிவப்பு உறையில் காசு வாங்கிக்கொள்கிறான். நம்மிடம் வயதோடு ஜாதியும் சேர்ந்துகொண்டது. அந்த ஆயா வயதில் எனக்குப் பாட்டி. 'நல்லா இரு' என்று முன்னிலை ஒருமையில், ஏவலில் சொல்ல வயது உரிமை தருகிறது. கூடவே 'சாமி' என்று ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒரே வாக்கியத்தில் மேலிருந்தும் கீழிருந்தும் வாழ்த்துகிற சாமர்த்தியத்துக்கு எந்த இலக்கணத்தில் சூத்திரம் இருக்கிறது?

இங்கே நம் கவிஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை. புதுக்கவிதை வாழ்த்தைத் துரத்திவிட்டது என்பதில் நமக்குப் பெருமை. கவியரங்கத் துதிகளைக் கேட்ட காது அப்படித்தான் செய்யும், நானும் கைதட்டியவன். ஆனால் வசையை நாம் வைத்துக்கொண்டோம். நம் பத்திரிகைகளில் வருகிற கவிதைகளில் பாதி, வியங்கோள் உருபு இல்லாத 'ஒழிக' தான். தொல்காப்பியர் வாயுறை வாழ்த்து என்று ஒரு வகை சொல்கிறார். வேம்பும் கடுவும் போலக் கசந்து பின்னால் நன்மை தருகிற சொல். கசப்பு நம்மிடம் ஏராளம். அது யாருக்கு நன்மையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதை நாம் யோசித்ததில்லை.

உப்புக்குத் திரும்புகிறேன். ரஷ்யனின் விருந்தோம்பலுக்குப் பெயரே ரொட்டி-உப்பு. பூவேலை செய்த துண்டின் மேல் ரொட்டியும் உப்புக் கிண்ணமும் வைத்து விருந்தினரை எதிர்கொள்வார்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் 'ரொட்டியும் உப்பும்' என்று சொல்வது பழைய வாழ்த்து. சீன வரலாற்றில் உப்பு எனக்கு எதிர்ப்பட்டது அரசாங்கத்தின் கஜானாவில்: உப்பும் இரும்பும் அரசின் ஏகபோகமாக இருக்கலாமா என்று கி.மு. 81இல் அரண்மனையில் நடந்த விவாதம் நூலாகவே இருக்கிறது. இந்தக் கரையின் உப்புக்கும் ஒரு சீனச் சம்பந்தம் உண்டு, அழகான சம்பந்தம் அல்ல. 1815இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரோடு செய்த ஒப்பந்தத்தில், பாண்டிச்சேரி முதலிய இடங்களின் உப்பு வியாபாரத்தை விட்டுக்கொடுப்பதற்கு ஆண்டுக்கு நாலு லட்சம் சிக்கா ரூபாயும், விலைக்கு 300 பெட்டி அபினும் தருவதாக எழுதியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அபின் பெரும்பாலும் எந்த தேசத்துக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் உப்பு வாழ்த்தில் சொல்லாக வருவதில்லை, பொருளாக வருகிறது. புது வீட்டுக்கு முதலில் எடுத்துப் போவது உப்பும் மஞ்சளும் நிறைகுடமும். கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும். விளக்கு வைத்த பிறகு உப்பைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது. 'இல்லை' என்று சொல்லவும் கூடாது. அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு என்பது போலச் சுற்றித்தான் சொல்ல வேண்டும். இதற்கு மங்கலம் என்று பெயர். கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்று சொல்வதை உரைகாரர்கள் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். நெல்லுக்கு வாய்விட்டு வாழ்த்து, உப்புக்கு வாயை மூடிக்கொண்டு வாழ்த்து. ஏன் இப்படி என்பதற்கு என்னிடம் இருக்கும் விடை இது: மழை எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது, மழை வேண்டாம் என்று சிலருக்கு இருக்கிறது, அந்தச் சிலரின் பண்டம் இல்லாமல் எல்லோருக்கும் சோறு இறங்குவதில்லை. இந்த முரண்பாட்டைச் சபையில் உரக்கச் சொல்ல முடியாது.

மாசி கடைசியில் அந்த ஆயா தோட்டை மீட்க வந்தாள். முழுத்தொகை இல்லை, வட்டி மட்டும் கட்டினாள். புறப்படும்போது கையிலிருந்த பாலிதீன் பையை நீட்டினாள். ஒரு படி இருக்கும், பெரிய பெரிய கல் உப்பு, இன்னும் ஈரம் போகவில்லை. நான் கை நீட்டியதும் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கையில வாங்கக் கூடாது சாமி" என்றாள். கவுண்டரின் மேல் வைத்தாள். "இப்ப எடுத்துக்க."